வாயுவிலிருந்து ஈரத்தை எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் பல வருடம் நின்றவன் நான். ஒவ்வொரு ஆண்டும் புதுப் பிள்ளைகள் வருவார்கள், பழைய சந்தேகங்களே திரும்பவும் வரும். அமோனியாவை ஏன் அமிலத்தில் விடக் கூடாது, குப்பியில் எந்தக் குழாய் முங்க வேண்டும், ஜெல் ஏன் ரோஸ் ஆனது என்று. அப்புறம் ஏசி மெக்கானிக் வேலைக்குப் போன பழைய மாணவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். வீட்டில் ஆக்சிஜன் கருவி வைத்திருப்பவர்களும் கேட்டார்கள். கேள்விகளை அவர்கள் வாயிலிருந்து வந்தபடியே எழுதியிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது, ஏனென்றால் முன்னால் சொன்ன பல விஷயங்கள் பின்னால் தேவைப்படும்.

வாயுன்னாலே காத்து மாதிரிதானே சார், அதுல ஈரம் எங்கேர்ந்து வருது?

தண்ணீர் ஆவியாகி நிற்கும்போது அதுவும் ஒரு வாயுதான், கண்ணுக்குத் தெரியாது. பொரித்த அப்பளத்தைத் திறந்து வைத்தால் சாயங்காலத்துக்குள் நமுத்துப் போகிறதே, அந்த ஈரம் காற்றில் ஏற்கெனவே இருந்ததுதான். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றில் அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவி நிற்கும். 20 டிகிரியில் 17 கிராம். 0 டிகிரியில் 5 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கம்ப்ரசர் கேள்வி வரும்போது தேவைப்படும்.

ஆய்வகத்தில் நாம் செய்யும் வாயுக்கள் பெரும்பாலும் நீர்த்த அமிலத்திலிருந்து குமிழியிட்டு வெளியே வருகின்றன. ஒவ்வொரு குமிழியும் வரும்போதே தன் பங்கு நீராவியை எடுத்துக்கொண்டுதான் வருகிறது. அதைத் தண்ணீருக்கு மேல் ஜாடியில் பிடித்தால், அந்த வெப்பநிலையில் எவ்வளவு ஈரம் தாங்குமோ அவ்வளவும் உள்ளே இருக்கும். இந்த நீராவியை எடுத்துவிட்ட வாயுவைத்தான் உலர்ந்த வாயு என்கிறோம், எடுக்கும் பொருளை உலர்த்தி என்கிறோம்.

கொஞ்சம் ஈரம் இருந்துட்டா என்ன ஆயிடும்?

முதலில் கணக்கு தப்பும். 30 டிகிரியில் தண்ணீரின் ஆவி அழுத்தம் சுமார் 31.8 மில்லிமீட்டர் பாதரசம். வெளி அழுத்தம் 760 என்றால், தண்ணீருக்கு மேல் பிடித்த 100 மில்லி ஹைட்ரஜனில் 4 மில்லிக்கு மேல் வெறும் நீராவி. கலவையில் ஒவ்வொரு வாயுவும் தன் பங்கு அழுத்தத்தைத் தனியே தருகிறது என்று டால்டன் 1801இல் சொன்ன பகுதி அழுத்த விதிப்படி 760இலிருந்து 31.8ஐக் கழித்து, 728.2 என்று வைத்துக் கணக்குப் போட வேண்டும். செய்முறைத் தேர்வில் இந்தக் கழித்தலை மறந்து மதிப்பெண் இழந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதைவிட முக்கியம், வேதியியலே மாறிப்போகும். உலர்ந்த ஹைட்ரஜன் குளோரைடில் உலர்ந்த நீல லிட்மஸ் தாளைக் காட்டினால் நிறம் மாறாது. தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் சிவந்துவிடும். உலர்ந்த அமோனியாவும் உலர்ந்த சிவப்பு லிட்மஸை நீலமாக்காது. உலர்ந்த குளோரின் உலர்ந்த வண்ணத் துணியை வெளுக்காது, ஏனென்றால் வெளுப்பது குளோரினும் தண்ணீரும் சேர்ந்து உண்டாக்கும் ஹைப்போகுளோரஸ் அமிலம். வாயுவின் குணம் என்று நாம் எழுதி வைத்திருக்கும் பலவற்றில் பாதி வேலை தண்ணீருடையது. மாணவர்கள் இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

உலர்த்திகள் எல்லாம் ஒரே வேலையைத்தானே செய்யுது? எது கையில இருந்தா என்ன?

ஈரத்தை எடுப்பது ஒன்றுதான், ஆனால் எடுக்கும் விதம் வேறு. சுட்ட சுண்ணாம்பு தண்ணீரோடு வினைபுரிந்து வேறு பொருளாகவே மாறிவிடும். வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றியதைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொட்டி கொதிப்பது நினைவிருக்கும். 56 கிராம் கால்சியம் ஆக்சைடு 18 கிராம் தண்ணீரைப் பிடித்துக் கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகிறது. பாஸ்பரஸ் பென்டாக்சைடும் இந்த வகைதான், அது பாஸ்பாரிக் அமிலமாக மாறும். அடர் கந்தக அமிலம் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொண்டு தானே நீர்த்துப்போகும், சூட்டையும் வெளியே விடும்.

நீரற்ற கால்சியம் குளோரைடு தண்ணீரைப் படிக நீராகச் சேர்த்துக்கொள்கிறது. ஒன்றுக்கு ஆறு நீர் மூலக்கூறு, அதாவது 111 கிராம் உப்புக்கு 108 கிராம் தண்ணீர் வரை. அதற்கு மேலும் ஈரம் வந்தால் உப்பே கரைந்து ஒழுகத் தொடங்கும். சிலிக்கா ஜெல் கதை வேறு. அதன் உடம்பெல்லாம் நுண்துளை, ஒரு கிராமுக்குள் பல நூறு சதுர மீட்டர் பரப்பு. தண்ணீர் அந்தப் பரப்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. பாடப்புத்தகம் இதைப் பரப்புக் கவர்தல் என்கிறது. ஒட்டியதைச் சூடுபடுத்திக் கழற்றிவிடலாம், அதனால் ஜெல்லைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். பாஸ்பரஸ் பென்டாக்சைடை அப்படி மீட்க முடியாது.

அடர் கந்தக அமிலம்தான் ஸ்ட்ராங்குனு சொல்றீங்க. அப்புறம் அமோனியாவுக்கு மட்டும் ஏன் சுண்ணாம்பு?

அமோனியா ஒரு காரம். அதை அமிலத்தில் விட்டால் ஈரமும் போகும், அமோனியாவும் போகும். குப்பியில் அம்மோனியம் சல்பேட்டு தங்கும், மறுமுனையில் வாயு வராது. பாஸ்பரஸ் பென்டாக்சைடிலும் இதே கதை, அம்மோனியம் பாஸ்பேட்டு கிடைக்கும். இதுவரை எல்லாருக்கும் புரிகிறது.

தடுமாறுவது கால்சியம் குளோரைடில்தான். "அது அமிலம் இல்லையே சார், நடுநிலை உப்புதானே" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜனிடம் தனி இரட்டை எலக்ட்ரான்கள் இருக்கின்றன, கால்சியம் அயனி அவற்றைப் பிடித்துத்தான் தண்ணீரை இழுக்கிறது. அமோனியாவின் நைட்ரஜனிடமும் அப்படி ஒரு ஜோடி உண்டு. தண்ணீரைப் பிடிக்கும் அதே கை அமோனியாவையும் பிடித்துக்கொள்ளும். ஒரு கால்சியம் குளோரைடு எட்டு அமோனியா வரை சேர்த்துக்கொண்டு திடப்பொருளாகவே நிற்கும். உலர்த்தியை எடை பார்த்தால் ஏறியிருக்கும், ஆனால் ஏறியது ஈரத்தின் எடையா அமோனியாவின் எடையா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

சுட்ட சுண்ணாம்பு தானே ஒரு காரம் என்பதால் அமோனியாவோடு மோதாது, தண்ணீரை மட்டும் எடுக்கும். ஆனால் கட்டியாக, புதிதாக இருக்க வேண்டும். திறந்த டப்பாவில் கிடந்து பொடியாகிப்போன சுண்ணாம்பு ஏற்கெனவே காற்றின் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் குடித்து முடித்தது. ஒரு கட்டியின் மேல் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சூடேறி வெடித்து உதிர்ந்தால் நல்ல சுண்ணாம்பு, சும்மா நனைந்து கிடந்தால் வேலைக்கு ஆகாது. பிள்ளைகளிடம் நான் எப்போதும் சொல்வது இதுதான்: உலர்த்தி எவ்வளவு பலம் என்று பார்ப்பதற்கு முன்னால் வாயு யார் என்று பாருங்கள்.

அப்போ அமில வாயுவுக்கு அமில உலர்த்தி, கார வாயுவுக்கு கார உலர்த்தி. இதை மனப்பாடம் பண்ணா போதுமா?

தொடக்கத்துக்குப் போதும். குளோரின், ஹைட்ரஜன் குளோரைடு, கந்தக டை ஆக்சைடு, கார்பன் டை ஆக்சைடு எல்லாம் அடர் கந்தக அமிலத்தில் நல்லபடியாகப் போய்வரும். கார்பன் டை ஆக்சைடைச் சுண்ணாம்பில் விட்டால் ஈரம் இருக்கும்வரை கார்பனேட்டாக மாறிக் காணாமல் போகும்.

ஆனால் ஹைட்ரஜன் சல்பைடு இந்த விதியை உடைக்கும். அது அமில வாயு, ஆனாலும் அடர் கந்தக அமிலத்தில் விடக் கூடாது. அமிலம் அதை ஆக்சிஜனேற்றம் செய்து மஞ்சள் கந்தகமாக்கிவிடும், கூடவே கந்தக டை ஆக்சைடும் வரும். ஹைட்ரஜன் அயோடைடிலும் அப்படித்தான், அயோடின் பிரியும். ஹைட்ரஜன் புரோமைடும் பத்திரமில்லை. ஹைட்ரஜன் சல்பைடுக்கு நீரற்ற கால்சியம் குளோரைடோ பாஸ்பரஸ் பென்டாக்சைடோ பொருந்தும். எத்திலீன் அமிலமும் இல்லை, காரமும் இல்லை, ஆனாலும் கந்தக அமிலம் அதன் இரட்டைப் பிணைப்பில் சேர்ந்துகொள்ளும். இன்னொரு பக்கம், ஹைட்ரஜன் குளோரைடைப் பாஸ்பரஸ் பென்டாக்சைடில் விட்டால் இரண்டும் அமிலத்தன்மை உள்ளவை என்றாலும் வினைபுரிந்து பாஸ்பரஸ் ஆக்சிகுளோரைடு உண்டாகும். ஆக, அமிலமா காரமா என்று பார்த்ததும் நிறுத்தாதீர்கள். ஆக்சிஜனேற்றம் ஆகுமா, உலர்த்தியோடு வேறு வழியில் சேருமா என்பதையும் கேளுங்கள்.

ஹைட்ரஜனை அடர் கந்தக அமிலத்துல விட்டா தீப்பிடிச்சுக்குமாமே?

பல வழிகாட்டி நூல்களில் இப்படி எழுதியிருக்கிறது. அமிலம் ஈரத்தை உறிஞ்சும்போது வரும் சூட்டில் ஹைட்ரஜன் பற்றிக்கொள்ளும் என்பது அதற்குச் சொல்லும் காரணம். நான் இதை ஏற்பதில்லை. ஒரு லிட்டர் ஈர ஹைட்ரஜனில் 30 டிகிரியில் இருக்கும் தண்ணீர் 30 மில்லிகிராம்தான். அதை 100 மில்லி அமிலம் உறிஞ்சினால் அமிலத்தின் வெப்பநிலை ஒரு டிகிரிகூட ஏறாது. ஹைட்ரஜன் தானாகப் பற்ற 500 டிகிரிக்கு மேல் வேண்டும், ஆக்சிஜனும் வேண்டும்.

ஆனாலும் நான் ஹைட்ரஜனுக்குக் கால்சியம் குளோரைடைத்தான் வைப்பேன். அமிலத் துளி வாயுவோடு கூட வராது, குப்பி கவிழுமோ என்ற பயமும் இல்லை. ஹைட்ரஜனில் உண்மையான ஆபத்து கருவிக்குள் முதலில் இருக்கும் காற்று. அது முழுவதும் வெளியேறுவதற்குள் நெருப்பைக் காட்டினால் வெடிக்கும். சோதனைக் குழாயில் கொஞ்சம் பிடித்துச் சுடரில் காட்டுங்கள், 'பப்' என்ற கூர்மையான சத்தம் அடங்கி அமைதியாக எரியும்வரை பொறுங்கள்.

பாஸ்பரஸ் பென்டாக்சைடுதான் டாப்னா எல்லாத்துக்கும் அதையே போட்டுடலாமே?

வேதிப் பொருத்தத்தை மேலே பார்த்துவிட்டோம், இப்போது எண்களைப் பார்ப்போம். 25 டிகிரியில் ஈரம் நிறைந்த ஒரு லிட்டர் வாயுவில் சுமார் 23 மில்லிகிராம் தண்ணீர் இருக்கும். நீரற்ற காப்பர் சல்பேட்டில் விட்டு எடுத்தால் 1.4 மில்லிகிராம் மிஞ்சும். கால்சியம் குளோரைடில் 0.14 முதல் 0.25 வரை மிஞ்சும். நல்ல அடர் கந்தக அமிலத்தில் 0.003, நீரற்ற மெக்னீசியம் பெர்குளோரேட்டில் 0.0005. பாஸ்பரஸ் பென்டாக்சைடில் 0.00002தான்.

கால்சியம் குளோரைடே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு ஈரத்தை எடுத்துவிடுகிறது பாருங்கள். கல்லூரிச் செய்முறைக்கு அது தாராளம். பாஸ்பரஸ் பென்டாக்சைடு விலை அதிகம், தோலைப் பொசுக்கும், மேற்பரப்பு நனைந்ததும் பசைபோல ஒரு ஏடு படிந்து உள்ளே இருக்கும் பொடியை மூடிவிடும். அதனால்தான் கண்ணாடிப் பஞ்சில் தூவி நிரப்புகிறோம். மிக உலர்ந்த வாயு வேண்டும் என்றால் முன்னால் கால்சியம் குளோரைடு, கடைசியில் பென்டாக்சைடு என்று தொடராக வையுங்கள். பெரிய பாரத்தை மலிவானது சுமக்கட்டும். மெக்னீசியம் பெர்குளோரேட்டு பக்கம் கரிம ஆவி எதையும் கொண்டுபோகாதீர்கள், வெடித்திருக்கிறது.

கந்தக அமிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஈரம் குடித்து 95 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் ஈரம் மிஞ்சத் தொடங்கும், அதாவது நூறு மடங்கு மோசம். பார்த்தால் அதே எண்ணெய் மாதிரிதான் இருக்கும். போன வருட அமிலத்தை நம்பாதீர்கள்.

அமிலக் குப்பியில எந்தக் குழாய் முங்கணும், எந்தக் குழாய் மேல நிக்கணும்?

வாயு உள்ளே வரும் குழாய் அமிலத்தில் முங்க வேண்டும். வெளியே போகும் குழாய் அமிலத்துக்கு மேலே நிற்க வேண்டும். மாற்றிப் பொருத்தினால் வாயு அமிலத்தின் மேற்பரப்பை அழுத்தி, அமிலத்தை நீளக் குழாய் வழியாக மேலே ஏற்றி அடுத்த பாத்திரத்துக்குத் தள்ளிவிடும். நான் படித்த காலத்தில் பக்கத்து மேசையில் இப்படித்தான் ஆனது. அமிலம் ரப்பர் குழாயைத் தாண்டி மேசையில் கொட்டியது, ஒரு மாணவியின் முன்கையில் பட்டது. குழாயடியில் கால் மணி நேரத்துக்கு மேல் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து வாயுவைத் திறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு குப்பியையும் விரலால் தொட்டுக் காட்டச் சொல்வது என் வழக்கம்.

எதிர்த்திசையிலும் ஆபத்து வரும். அமோனியாவும் ஹைட்ரஜன் குளோரைடும் தண்ணீரில் அளவுக்கு மீறிக் கரைபவை, ஒரு பங்கு தண்ணீர் பல நூறு பங்கு வாயுவை விழுங்கும். கடைசி முனை தண்ணீரில் இருந்தால், சூட்டை நிறுத்தியதும் தண்ணீர் பின்னோக்கிப் பாய்ந்து அமிலத்துக்குள் வந்துவிடும். குப்பிக்கு இருபுறமும் ஒரு வெற்றுக் குப்பி வைத்தால் இரண்டு தொல்லையும் அங்கேயே நிற்கும். வாயுவை மெல்ல விடுங்கள், குமிழிகளை எண்ண முடிகிற வேகம் சரியான வேகம். யு வடிவக் குழாயில் கால்சியம் குளோரைடு நிரப்பும்போது பொடி வேண்டாம், மணி மணியாக இருக்கட்டும், இரு முனையிலும் பஞ்சு வையுங்கள்.

குளோரினை முதல்ல தண்ணியில விட்டுட்டு அப்புறம் அமிலத்துல விடுறோமே. ஏன் நனைச்சுட்டு காய வைக்கணும்?

அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் மாங்கனீசு டை ஆக்சைடையும் சூடாக்கிச் செய்யும் குளோரினில் ஹைட்ரஜன் குளோரைடு கலந்து வரும். கந்தக அமிலம் அதை எடுக்காது, தண்ணீர் எடுக்கும். குளோரினும் தண்ணீரில் கரையும்தான், ஆனால் ஹைட்ரஜன் குளோரைடு அளவுக்குக் கரையாது. அதனால் முதலில் கழுவல், பிறகு உலர்த்தல். வரிசையை மாற்றினால் காய்ந்த குளோரின் கடைசியில் தண்ணீரில் குளித்து ஈரமாகவே வெளியே வரும். எந்த வாயுவானாலும் உலர்த்தி கடைசியில்தான்.

பிடிப்பதும் தண்ணீருக்கு மேல் கூடாது. குளோரின் காற்றைவிடக் கனம், ஜாடியை நிமிர்த்தி வைத்துப் பிடியுங்கள். அமோனியா லேசு, கவிழ்த்துப் பிடியுங்கள். 1770களில் பிரீஸ்ட்லி என்ற ஆங்கில விஞ்ஞானி தண்ணீருக்குப் பதிலாகப் பாதரசத்தின் மேல் வாயுவைப் பிடித்தார். தண்ணீரில் கரைந்து மறைந்துபோகும் அமோனியாவையும் ஹைட்ரஜன் குளோரைடையும் அப்படித்தான் அவரால் தனியே பிடித்துப் பார்க்க முடிந்தது.

நீல சிலிக்கா ஜெல் ரோஸ் ஆயிடுச்சு, தூக்கிப் போட்டுடலாமா?

வேண்டாம். ஈரம் குடித்து நிரம்பியதால்தான் ரோஸ் ஆனது. 110 முதல் 120 டிகிரி அடுப்பில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் திரும்ப நீலமாகும். அதைவிட அதிகம் சூடாக்கினால் நிறம் கறுத்து, ஈரம் காட்டும் சக்தி போய்விடும். நீலத்துக்குக் காரணம் கோபால்ட் குளோரைடு. அது புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள் என்று ஐரோப்பாவில் வகைப்படுத்தியிருக்கிறார்கள். கையுறை போடுங்கள், தூசியை மூச்சில் இழுக்காதீர்கள். புதிதாக வாங்குவதானால் ஆரஞ்சு நிற ஜெல்லாகப் பார்த்து வாங்குங்கள். செருப்புப் பெட்டியில் வரும் சிறு பொட்டலத்தில் பெரும்பாலும் நிறமில்லாத ஜெல்தான் இருக்கும்.

மூலக்கூறு சல்லடையில 3ஏ, 4ஏ, 5ஏனு போட்டிருக்கே, எதை வாங்கணும்?

அந்த எண் துளையின் வாய் அகலத்தை ஏறத்தாழ ஆங்ஸ்ட்ராம் அளவில் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) சொல்கிறது. ஜியோலைட் என்ற அலுமினோசிலிக்கேட்டின் படிகத்தில் எல்லாத் துளைகளும் ஒரே அளவு, அதுதான் ஜெல்லுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு. உள்ளே சோடியம் இருந்தால் 4ஏ, பொட்டாசியம் இருந்தால் வாய் குறுகி 3ஏ, கால்சியம் இருந்தால் விரிந்து 5ஏ. தண்ணீர் மூலக்கூறு 3ஏ வாயில் நுழைந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு 4ஏக்குள் போகும், 3ஏக்குள் போக முடியாமல் வெளியே நிற்கும். ஈரத்தை மட்டும் எடுத்து வாயுவை விட்டுவிட வேண்டும் என்றால் 3ஏ.

இன்னொரு பலமும் உண்டு. ஈரம் நிறைந்த காற்றில் சிலிக்கா ஜெல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீர் பிடிக்கும், ஆனால் ஈரம் குறையக் குறைய அதன் பிடி தளர்ந்துவிடும். சல்லடை குறைந்த ஈரத்திலும் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் பிடிக்கும். விடாப்பிடி என்பதால் மீட்பதற்கும் 200 முதல் 300 டிகிரி வரை சூடு வேண்டும்.

பஞ்சர் கடை கம்ப்ரசர் டேங்க்ல தினமும் தண்ணி வருது. காத்துதானே அடைக்கிறோம்?

முதல் பதிலில் சொன்ன எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் 24 கிராம் நீராவி. டேங்கில் 8 கன மீட்டர் காற்றை ஒரு கன மீட்டருக்குள் அடைக்கிறோம், ஆக 190 கிராமுக்கு மேல். ஆனால் ஒரு கன மீட்டர் இடத்தில் 30 டிகிரியில் நிற்கக்கூடியது 30 கிராம்தான், அழுத்தம் கூடினாலும் அந்த அளவு ஏறாது. மீதி 160 கிராம் தண்ணீராக அடியில் இறங்கிவிடும். அதைத்தான் கீழே உள்ள திருகைத் திறந்து விடுகிறோம். விடாமல் போனால் டேங்க் உள்ளிருந்து துருப்பிடித்து மெலியும், ஒரு நாள் வெடிக்கும். தினமும் திறந்து விடுங்கள், தயவுசெய்து.

எந்த வெப்பநிலைக்குக் குளிரவைத்தால் ஈரம் தண்ணீராகத் தொடங்குமோ அதைப் பனிநிலை என்கிறோம். தொழிற்சாலைகளில் அழுத்தக் காற்றை முதலில் குளிரவைத்துப் பனிநிலையை 3 டிகிரி வாக்கில் கொண்டுவருவார்கள். அதற்குக் கீழே போனால் ஐஸ் கட்டிக் குழாய் அடைக்கும். இன்னும் உலர்ந்த காற்று வேண்டும் என்றால் ஜெல்லோ சல்லடையோ நிரப்பிய இரட்டைக் கோபுரம் வைப்பார்கள். ஒன்று உலர்த்தும்போது மற்றது தன் ஈரத்தை விட்டுக்கொண்டிருக்கும், அப்படி மைனஸ் 40 டிகிரி பனிநிலை வரை எட்டலாம். எந்த உலர்த்தியானாலும் சூடான வாயுவில் அதன் பிடி தளரும். முதலில் ஆறவிட்டு, பிறகு உலர்த்துங்கள்.

ஃபிரிட்ஜ்ல கேஸ் ஏத்தும்போது ஏன் ஒவ்வொரு தடவையும் ட்ரையரை மாத்தச் சொல்றாங்க?

அந்தச் செப்பு உருளைக்குள் மூலக்கூறு சல்லடை மணிகள்தான் இருக்கின்றன. துளை வாய் தண்ணீருக்குத் திறக்கும், குளிர்விக்கும் வாயுவுக்குத் திறக்காது. ஈரம் மிஞ்சினால் தலைமுடி கனத் துளையுள்ள கேப்பிலரி குழாயின் கடைசியில், குளிர் தொடங்கும் இடத்தில், ஐஸாகி அடைத்துக்கொள்ளும். ஃபிரிட்ஜ் கொஞ்ச நேரம் குளிரும், நிற்கும், ஐஸ் உருகியதும் மறுபடி குளிரும். அந்தக் குறியைக் கண்டாலே ஈரம் என்று சந்தேகிக்கலாம். 134ஏ என்ற குளிர்விக்கும் வாயுவோடு கம்ப்ரசருக்குப் போடும் எஸ்டர் எண்ணெய் தண்ணீர் பட்டால் உடைந்து அமிலமாகும், அது கம்ப்ரசரை அரிக்கும். குழாயைத் திறந்த நேரத்தில் பழைய ட்ரையர் நம் ஊர்க் காற்றைக் குடித்துவிடும் என்பதால் புதிது போட்டு, வெற்றிடம் பிடித்து, அப்புறம் வாயு ஏற்றச் சொல்கிறார்கள். சரியான வழக்கம் அது.

ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர்ல தண்ணி பாட்டில் வச்சிருக்காங்க. உலர்த்திட்டு மறுபடி ஏன் நனைக்கணும்?

அந்தக் கருவியின் வேலை காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிப்பது. பிடிக்கும் ஜியோலைட்டுக்கு நைட்ரஜனைவிடத் தண்ணீர் மேல் பற்று அதிகம், அதனால் ஈரமும் உள்ளேயே தங்கிவிடுகிறது. வெளியே வரும் ஆக்சிஜன் மிக உலர்ந்தது, மூக்கும் தொண்டையும் வறண்டுபோகும். அதற்காகத்தான் குமிழிக் குப்பி. எல்லா நோயாளிக்கும் அது தேவையா என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். வைத்தால் வாலை வடிநீர் ஊற்றி, குப்பியைத் தினமும் கழுவுங்கள்.

குளோரின் அவ்வளவு அரிக்கும்னா, அதை எப்படி இரும்பு சிலிண்டர்ல அடைக்கிறாங்க?

உலர்ந்த குளோரின் சாதாரண வெப்பநிலையில் எஃகை அநேகமாகத் தொடாது. ஈரம் சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஹைப்போகுளோரஸ் அமிலமும் உண்டாகி இரும்பைத் தின்னத் தொடங்கும். மேட்டூரிலும் சாகுபுரத்திலும் நடப்பதுபோல உப்பு நீரை மின்னாற்பகுத்து குளோரின் எடுக்கும்போது அது சூடாக, ஈரம் நிறைந்து வரும். அப்படிப்பட்ட குளோரினைக் குளிரவைத்து, கோபுரங்களில் மேலிருந்து இறங்கும் அடர் கந்தக அமிலத்துக்கு எதிராக ஏற்றி உலர்த்திய பிறகுதான் எஃகுக் குழாய்க்குள் விட முடியும்.

எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி, டைட்டானியத்தில் இது தலைகீழ். ஈரக் குளோரினில் டைட்டானியம் மேல் ஓர் ஆக்சைடு படலம் நின்று அதைக் காக்கும். உலர்ந்த குளோரினில் அந்தப் படலம் கெட்டால் திரும்ப உண்டாகத் தண்ணீர் இல்லை, உலோகம் பற்றி எரிந்தே போகும். ஈரக் குளோரின் ஓடும் பக்கம் டைட்டானியம், உலர்ந்த குளோரின் ஓடும் பக்கம் எஃகு. இரண்டையும் மாற்றிப் பொருத்தினால் விபத்து நிச்சயம்.

காப்பர் சல்பேட் வெள்ளையாவே இருந்தா வாயு உலர்ந்துடுச்சுன்னு அர்த்தம்தானே?

இல்லை. நீரற்ற காப்பர் சல்பேட்டு வெள்ளை, தண்ணீர் சேர்ந்தால் நீலம். நீலமானால் ஈரம் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம், ஆனால் வெள்ளையாக இருப்பது எதற்கும் சாட்சி ஆகாது. மேலே கொடுத்த எண்களைப் பாருங்கள், காப்பர் சல்பேட்டு தானே லிட்டருக்கு 1.4 மில்லிகிராம் ஈரத்தை விட்டுவிடுகிறது. கந்தக அமிலம் விடுவதைப்போல ஏறத்தாழ 470 மடங்கு. நம்பகமான எளிய வழி, வரிசையின் கடைசியில் எடை பார்த்த ஒரு பாஸ்பரஸ் பென்டாக்சைடு குழாயை வைப்பது. அளந்த வாயுவை விட்டபின் எடை ஏறவில்லை என்றால் உலர்ந்தது. அதற்கு அந்தப் பக்கமும் உலர்த்தி நிரப்பிய ஒரு காப்புக் குழாய் வையுங்கள், இல்லாவிட்டால் வெளிக்காற்றின் ஈரம் பின்வழியாக வந்து எடையைக் கெடுக்கும்.

நூறு சதவீதம் உலர்ந்த வாயு யாராவது செஞ்சிருக்காங்களா?

நெருங்கிப் போனவர்கள் உண்டு, அவர்கள் கண்டது அதிசயமானது. எரிதலுக்குத் தண்ணீர் வேண்டும் என்று எலிசபெத் ஃபுல்ஹேம் என்ற பெண்மணி 1794லேயே ஒரு நூலில் வாதிட்டார். 1880இல் ஹெரால்டு டிக்சன் என்ற ஆங்கில வேதியியலாளர் கார்பன் மோனாக்சைடையும் ஆக்சிஜனையும் பாஸ்பரஸ் பென்டாக்சைடில் நன்றாக உலர்த்தி மின்பொறி விட்டார், வெடிக்கவில்லை. துளி நீராவி சேர்ந்ததும் வெடித்தது. இன்று காரணம் தெரியும்: தண்ணீரிலிருந்து வரும் ஹைட்ராக்சில் உறுப்புதான் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த துண்டு) கார்பன் மோனாக்சைடை வேகமாகத் தாக்கி எரியவைக்கிறது. டிக்சனின் மாணவர் பேக்கர் 1894இல், மிக உலர்ந்த அமோனியாவும் ஹைட்ரஜன் குளோரைடும் கலந்தால் வழக்கமான வெள்ளைப் புகை வரவில்லை என்று அறிவித்தார்.

பேக்கர் அதோடு நிற்கவில்லை. பல ஆண்டுகள் உலர்த்தி வைத்த திரவங்களின் கொதிநிலை பல டிகிரி உயர்ந்துவிட்டது என்று 1922இல் எழுதினார். மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்த உயர்வு கிடைக்கவில்லை, ஆகவே அதை நான் வகுப்பில் சொல்வதில்லை. டிக்சன் கண்டது நிலைத்து நிற்கிறது.

இந்த அளவு உலர்த்தலில் வாயுவைவிடக் கண்ணாடிதான் தொல்லை. கண்ணாடிச் சுவர் எப்போதும் தன்மேல் ஓர் ஏடு தண்ணீரை வைத்திருக்கும், நாம் உலர்த்தி அனுப்பும் வாயுவுக்கு மெல்ல மெல்ல அதைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். எவ்வளவு நல்ல உலர்த்தி வைத்தாலும், அதற்குப் பிறகு வரும் குழாயையும் குடுவையையும் வெற்றிடத்தில் வைத்துச் சூடாக்கி, அந்த ஏட்டை ஓட்டிவிட்டு, அப்புறம் வாயுவை விடுங்கள்.